நாற்பது நிமிடத்தில் ஊர் பார்த்தவருக்கு

ஜெர்மனியில் நான் வாழும் ஹூசும் என்ற கடலோர ஊரைப் பற்றி ஊர் சுற்றும் அண்ணன் ஒருவர் போட்ட வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பி, "உன் ஊர்தானே, கடலைக் காணோமாமே?" என்று சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருந்தீர்கள். சரி, சிரித்து முடித்தாயிற்றா? இப்போது நான் பேசலாமா?

அண்ணன் சில்ட் தீவுக்குப் போகும் வழியில் ஹூசுமில் இறங்கினார். நாற்பது நிமிடம். துறைமுகச் சேற்றில் உட்கார்ந்திருந்த படகுகளைப் படமெடுத்து 'செத்த ஊர்' என்று தலைப்பு வைத்துவிட்டார். அண்ணே, நீங்கள் வந்தது தண்ணீர் வற்றியிருந்த நேரம்! வடகடல் இங்கே மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், தினமும், இரண்டு முறை. ஆறு மணி நேரம் பொறுத்திருந்தால் அதே படகுகள் மிதந்திருக்கும்.

இந்த ஊர் கடலோர ஊரானதே ஒரு கடல்கோளால்தான். 1362 ஜனவரியில் வந்த புயல்வெள்ளம் ருங்ஹோல்ட் என்ற ஊரையே விழுங்கியது. நிலத்தைத் தின்றுகொண்டு கடல் உள்ளே வந்ததில் ஹூசுமுக்குக் கப்பல் வழி கிடைத்தது. 1634-இல் மறுபடியும் வெள்ளம். பக்கத்தில் இருந்த ஷ்ட்ராண்ட் தீவு துண்டு துண்டானது. நீங்கள் "ஒரு புல்மேடு, நாலு ஆடு" என்று கிண்டலடித்தீர்களே, அந்த மேடுதான் எங்களைக் காக்கிற அணை. செம்மறிகள் புல்லைக் கடித்து, குளம்பால் மண்ணை மிதித்து இறுக்குகின்றன. ஆடுகள் அங்கே டியூட்டியில் இருக்கின்றன, அண்ணே.

"ஊர்க்காரர்களே 'சாம்பல் நகரம்' என்றுதானே சொல்கிறார்கள்?" என்பீர்கள். சொன்னவர் தியோடோர் ஷ்டோர்ம், 1817-இல் இங்கேயே பிறந்த கவிஞர். சாம்பல் நிறக் கரை, சாம்பல் நிறக் கடல், மூடுபனி என்று தொடங்கி, என் நெஞ்சு முழுக்க உன்னிடம்தான் என்று முடிக்கிறார். அப்போது இந்த ஊரை ஆண்ட டென்மார்க்கோடு மோதி வக்கீல் உரிமம் பறிபோய், ஊரை விட்டுப் போனவர், 1864-இல் திரும்பி வந்தார். கவிதையையும் நீங்கள் நாற்பது நிமிடக் கணக்கில்தான் படிப்பீர்கள் போல.

குளிக்க மணல் இல்லையாம். ஆமாம், இல்லை, புல்கரைதான். காற்று? அதற்கு என்னிடம் பதில் கிடையாது, நான் குடை வாங்குவதையே விட்டுவிட்டேன்.

"ஜெர்மன்காரனுக்கு ஏன் வக்காலத்து?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக இங்கே வாடகை கட்டுகிறேன் ஐயா. என் மகள் பிறந்த ஊர் இது. வீடியோவைப் பார்த்துவிட்டு, "அப்பா, நம்ம ஊர் அசிங்கமா?" என்று கேட்டாள். அவளுக்கு ருங்ஹோல்ட் கதையா சொல்ல முடியும்?

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்று காலையில் ஒரு கிலோ இறால் வாங்கி வந்தேன். இங்கே 'கிராபே' என்பார்கள், நம் கூனி இறாலைவிடச் சற்றுப் பெரிது. படகிலேயே அவித்துவிடுவார்கள், உரிப்பது நம் பாடு. தலையையும் வாலையும் பிடித்து ஒரு திருகு, ஒரு இழுப்பு. கிலோவுக்கு மூன்றில் ஒரு பங்குதான் தேறும். நானும் மனைவியும் இரண்டு மணி நேரம் உரித்தோம். அவள் மிளகு போட்டு வறுத்தாள். ரயில் நிலையத்திலிருந்து வீடு எட்டு நிமிட நடை.

"அடுத்த முறை கட்டாயம் வருகிறேன் தம்பி" என்று ரயிலிலிருந்து மெசேஜ் வந்தபோது சட்டி இன்னும் சூடாகத்தான் இருந்தது.