பாஸ்டன் போலீஸ் ஸ்ட்ரைக்: சம்பள உயர்வு கிடைச்சது யாருக்கு?

"1919-ல பாஸ்டன் போலீஸ் ஸ்ட்ரைக் பண்ணி சம்பளத்த ஏத்திக்கிட்டாங்க, அமெரிக்கால இன்னிக்கும் அப்படித்தான் வாங்குறாங்க"ன்னு ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு. தப்புங்க, ரெண்டுமே தப்பு.

செப்டம்பர் 9-ம் தேதி 1,100 பேருக்கு மேல வேலைய விட்டு வெளிய வந்தது உண்மை, அவங்க கேட்டதும் நியாயம்தான், கம்மி சம்பளம், யூனிஃபார்ம் கூட சொந்த காசுல வாங்கணும், ஸ்டேஷன் பூரா எலி, சங்கம் வச்சதுக்கு கமிஷனர் கர்டிஸ் 19 பேர சஸ்பெண்ட் பண்ணாரு, அதுலதான் வெடிச்சுது. ஆனா கவர்னர் கூலிட்ஜ் ஸ்டேட் கார்டுங்கற மாநிலப் படைய இறக்குனாரு, ஸ்ட்ரைக் பண்ண ஒருத்தருக்கும் வேலை திரும்ப கிடைக்கல. வருஷத்துக்கு 1,400 டாலர் சம்பளமும் ஃப்ரீ யூனிஃபார்மும் வந்தது அவங்க இடத்துக்கு புதுசா எடுத்தவங்களுக்கு! படிக்கும்போதே வயிறு எரியுது.

இப்போ நியூயார்க் மாநிலத்த எடுத்துக்கோங்க, 1967 டெய்லர் சட்டப்படி போலீஸ் ஸ்ட்ரைக் பண்ணக்கூடாது, பண்ணா வேலை செய்யாத நாள் சம்பளம் போறதோட ஒவ்வொரு நாளுக்கும் இன்னொரு நாள் சம்பளம் அபராதம். அதுக்கு பதிலா யூனியன் உக்காந்து பேசும், பேச்சு முறிஞ்சா நடுவர் குழு சொல்றதுதான் ரெண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தும், இந்த நடுவர் முறை போலீசுக்கு 1974-ல வந்துச்சு. ஊரோட நிதி நிலைமை, பக்கத்து ஊர் போலீஸ் சம்பளம், வேலையோட ஆபத்து எல்லாத்தையும் பாத்துதான் அவங்க முடிவு பண்ணணும்.