இலையும் இறகும் ஈட்டியும்

சினிமாவில் பழங்குடிகளைக் காட்டும் விதம் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர், படத்தைப் பார்த்து யாரும் மனிதர்களை எடைபோடுவதில்லை என்கிறார். அப்படியா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பகோடா பாயிண்ட் பக்கம் நின்று பாருங்கள். பலாச்சுளையும் மிளகும் விற்கிற அக்காவிடமே சுற்றுலா வந்தவர்கள், “இங்கே பழங்குடிகளை எங்கே பார்க்கலாம்?” என்று கேட்பார்கள். அந்த அக்காவே சேர்வராயன் மலையின் ‘மலையாளி’ என்ற பழங்குடிதான்; கேரளத்து மலையாளி அல்ல. வீட்டில் பேசுவது தமிழ், தட்டுக்குப் பக்கத்தில் ஜிபே அட்டை. வந்தவர் தேடுவதோ இலை, இறகு, ஈட்டி! திரை நம் பார்வையை மாற்றும் என்பது புதிதல்ல; அதிகம் டிவி பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிட ஆபத்தானதாக நினைக்கிறார்கள் என்று அமெரிக்காவில் ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் 1970களிலேயே சொல்லிவிட்டார். நேரில் பழகாதவர்களைப் பற்றித்தான் திரை சொல்வது அப்படியே மனதில் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் படம் எடுத்தால் நம்புவோமா என்ன? சரி, அடுத்த படத்திலாவது ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண் தாசில்தாராக வரட்டும், பார்ப்போம்.