நான் வாட்ஸ் கேட்கவில்லை

மூன்று சனிக்கிழமை போய்விட்டது, இன்னும் ஒரு சப்வூஃபர், அதாவது அடி பேஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, வாங்கிய பாடில்லை. இதற்கென்றே 30,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் ஏறி இறங்கிய ஒரு கடையிலும் என் ஒரே கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சத்தம் விழாமல் இந்தப் பெட்டி எத்தனை ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்கும்? அவ்வளவுதான் கேட்டேன். ஹெர்ட்ஸ் குறையக் குறைய பேஸ் ஆழமாகும்.

“10,000 வாட்ஸ் சார்!” என்கிறார் கடைக்காரர்.

நான் வாட்ஸையே கேட்கவில்லையே! அட்டையில் கொட்டை எழுத்தில் பிஎம்பிஓ, அதாவது ஒரு கணம் எட்டும் உச்ச வாட்ஸ், என்று போட்டிருக்கிறார்கள். அதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை ஒன்று கிடையாது, அவரவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தருவதே 1,380 வாட்ஸ்தான். அதில் சொருகும் பெட்டிக்கு 10,000 எங்கிருந்து வரும்? தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸான ஆர்எம்எஸ் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்டபிறகு, 60 என்று மெல்ல வாயைத் திறக்கிறார்.

இன்னொரு அட்டையில் ‘20 முதல் 200 ஹெர்ட்ஸ்’ என்று பார்த்ததும் ஆசையாக எடுத்தேன். சத்தம் எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று எங்கும் போடவில்லை. 20 ஹெர்ட்ஸில் சத்தம் 25 டெசிபல் விழுந்து கிடந்தாலும் இப்படி அச்சடிக்கலாம். அந்த எண்ணை நம்பி நான் எப்படிப் பணம் கொடுப்பது?

ஒரு ஸ்தாயி, அதாவது பாதி ஹெர்ட்ஸுக்கு, கீழே இறங்கி அதே சத்தம் தர, ஸ்பீக்கரில் அசையும் கூம்பான கோன் நான்கு மடங்கு காற்றைத் தள்ளியாக வேண்டும். ஆறரை அங்குலக் கோனும் சின்னப் பெட்டியும் அதைச் செய்யாது. அதனால் பெட்டியில் காற்று வந்துபோகும் துளையான போர்ட்டை 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் ட்யூன் பண்ணி, அந்த ஒரு இடத்தில் மட்டும் முழங்க விடுகிறார்கள். கடையில் நெஞ்சில் ‘தொம்’ என்று அடிக்கும், மயங்கி வாங்கிவிடுவோம். வீட்டுக்கு வந்து இளையராஜா பாட்டைப் போட்டால்தான் வயிறு எரியும். பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அங்கிருந்து ஸ்வரம் ஸ்வரமாக ஏறி இறங்கும் அந்த அழகு முழுக்க ஒரே தொம், தொம், தொம். மிருதங்கத்தின் தொப்பி நாதமும் அதே தொம்! சரி, படத்துக்காவது ஆகுமா? இடியும் வெடியும் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகும்போது போர்ட்டிலிருந்து ‘புஸ்’ என்று காற்றுதான் வருகிறது. ராஜா பாட்டை நாசம் பண்ணுகிற பெட்டியை எனக்கு இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

“மூலையில வைங்க சார், பேஸ் அள்ளும்” என்று ஒருவர் அறிவுரை வேறு. என் ஹால் 12 அடி நீளம். அந்த நீளத்துக்கு, சுவர்களுக்கிடையே சத்தம் எதிரொலித்து 47 ஹெர்ட்ஸ் தானாகவே வீங்கும், மூலையில் வைத்தால் இன்னும் மோசம். என் பழைய 8 அங்குல சப்வூஃபரை நான் உட்காரும் சோபாவில் தூக்கி வைத்து, பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய் எங்கே சீராகக் கேட்கிறது என்று நானே தேடினேன். டிவிக்கு இடப்பக்கம், மூலையிலிருந்து மூன்றடி தள்ளிக் கிடைத்தது. காலணா செலவில்லாத வேலை. விற்கிறவர்களில் ஒருவராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?

கேட்டுப் பார்க்கலாமா என்றால் அதுவும் முடியாது. அவர்கள் வைத்திருக்கும் குத்துப்பாட்டு பென் டிரைவ்தான் ஓட வேண்டுமாம். “உங்க பாட்டெல்லாம் போட முடியாது சார், ஸ்பீக்கர் போயிடும்” என்கிறார். 10,000 வாட்ஸ் பெட்டி என் போனில் இருக்கும் ஒரு பாட்டுக்குப் போய்விடுமா?

வருகிற சனிக்கிழமையும் போகிறேன். போனில் 40, 30, 25 ஹெர்ட்ஸ் டோன்களும் நான்கு ராஜா பாட்டும் இருக்கின்றன. எந்தக் கடைக்காரர் அதை முழுசாகப் போட்டுக் கேட்க விடுகிறாரோ, அந்த 30,000 அவருக்குத்தான்.