இரண்டாம் வாய்ப்பு என்று சொல்லாதீர்கள்
மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காதவர்களுக்கு உயிர்மருத்துவ அறிவியல் படிப்பு நல்ல 'இரண்டாம் வாய்ப்பு' என்கிறது ஒரு கட்டுரை. பினாங்கில் ஒரு மருத்துவமனை லேபில் இருக்கிறேன், எனக்கு இது ஒப்பவில்லை.

போன வாரம்கூட ஒரு ரத்த மாதிரியில் பொட்டாசியம் 7-ஐத் தாண்டிவிட்டது. உண்மையாக இருந்தால் இதயம் நின்றுவிடக்கூடிய அளவு. குழாயை எடுத்துப் பார்த்தால், வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) சிராப் தண்ணீர் மாதிரி சிவந்திருந்தது. ரத்தம் எடுக்கும்போதே சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே கசிந்திருக்கிறது. வார்டுக்குப் போன் செய்து மறுபடி எடுக்கச் சொன்னோம், இயல்பான 4.1 வந்தது. மெஷின் எண்ணைக் கொடுக்கும், கொஞ்சம் எச்சரிக்கவும் செய்யும். நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் இந்தப் படிப்பு.

அப்புறம், யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) என்றதும் பினாங்கு வளாகம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் படிப்பு கிளந்தான் குபாங் கிரியானில். கோலாலம்பூரில் யுகேஎம் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்), மலாயா பல்கலைக்கழகம் இரண்டிலும் உண்டு. தனியார் கல்லூரி என்றால் எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 774-இன் கீழ் பதிவு செய்ய அந்தப் பட்டம் செல்லுமா என்றும் கேளுங்கள்.

என் அம்மா இன்னமும் பக்கத்து வீட்டில் "மகன் ரத்தம் எடுக்கிறான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.