நாற்பது ஆண்டு போதாது
கீழ் அடுக்கில் நிலக்கரி எடுத்து நாற்பது ஆண்டுகள் ஆனால் நிலம் அமர்ந்துவிடும், மேல் அடுக்கைப் பயமின்றி வெட்டலாம் என்று நிலக்கரிச் சுரங்கம் பற்றிய கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முழுவதும் எடுத்து இடிந்துபோன பகுதிக்கு அது ஓரளவு பொருந்தும். கூரையைத் தாங்க நிலக்கரியையே வெட்டாமல் தூண்களாக விட்ட இடத்துக்குப் பொருந்தாது. தூணின் மேலுள்ள பாறை நிற்கிறது, பக்கத்துப் பாறை வளைந்து இறங்குகிறது, நடுவே கிழிகிறது. மேலே வெட்டும்போது கூரை உதிர்வது பெரும்பாலும் தூணின் அந்த விளிம்புக்கு மேலேதான். திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையின் பாதி, தூர்த்த கிணற்றின் மேல் நிற்கிறது. முப்பது ஆண்டுகள் அசையாத சுவர் ஒரு மாரி மழையில் வெடித்தது, சரியாகக் கிணற்றுக் கட்டின் ஓரத்தில், இரண்டு ரூபாய்க் குற்றி நுழையும் அகலத்துக்கு. பழைய சுரங்க வரைபடத்தை மேல் அடுக்கின் வரைபடத்தோடு பொருத்திப் பார்த்து, விளிம்பைக் கடக்கும் இடங்களில் கூரைப் பாறையில் துளையிட்டு இறுக்கும் நீளமான கம்பிகளும் நெருக்கமான முட்டுகளும் கொடுக்காமல் ஒரு தொழிலாளியைக்கூட உள்ளே இறக்கக் கூடாது.