எச்சரிக்கை ஆங்கிலத்தில், கள்ளன் தமிழில்

வங்கியைக் கொம்பியூட்டரால் கொள்ளையடிக்கிற வெளிநாட்டுத் தொடர் ஒன்றை இந்தக் கிழமை இரவிரவாகப் பார்த்து முடித்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதன் ரசிகர்கள் கீழே சண்டைக்கு வந்துவிடுவார்கள். எப்படியும் இந்த வகைத் தொடர்கள் எல்லாம் ஒரே அச்சுத்தான். தொப்பி வைத்த சட்டைக்குள் முகத்தை ஒளித்த ஒரு பொடியன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடும். அவன் நாலு தட்டுத் தட்டுவான், காசு கடல் தாண்டிப் போகும். கீழே பொலிஸ் படியேறும்போது திரையில் 97 வீதத்தில் கோடு இழுபடும்.

பொழுது போனது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இவற்றைப் பார்க்கிற எங்கள் சனத்துக்கு ஒரு பிழையான நிம்மதி வந்துவிடுகிறது. வங்கி மோசடி என்றால் அது பெரிய மூளைக்காரன் கண்ணாடிக் கட்டடங்களில் செய்கிற வேலை, ஏ9 ஓரத்தில் பாஸ் புத்தகத்தோடு வரிசையில் நிற்கிற எங்களிடம் அவனுக்கு என்ன அலுவல் என்கிற நிம்மதி.

உண்மையில் நடந்த மிகப் பெரிய கொள்ளைகளில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். 2016 பெப்ரவரி, பங்களாதேஷ் மத்திய வங்கி. நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கியில் அவர்கள் வைத்திருந்த பணத்திலிருந்து ஏறக்குறைய 951 மில்லியன் டொலரை வேறு கணக்குகளுக்கு அனுப்பச் சொல்லி 35 கட்டளைகள் போயின. போனது ஸ்விஃப்ட் வழியாக. அது வங்கிகள் தங்களுக்குள் கட்டளை பரிமாறுகிற வலையமைப்பு. கட்டளை உரிய இடத்திலிருந்து உரிய வடிவத்தில் வந்தால் மற்றப் பக்கம் நம்பும்.

உள்ளே எப்படிப் புகுந்தார்கள்? வேலை கேட்டு ஒரு மின்னஞ்சல், கூடவே சுயவிபரக் கோவை. வங்கியில் ஆரோ ஒருவர் அதைத் திறந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வருடம் அளவில் சத்தமில்லாமல் உள்ளுக்குள் இருந்து, ஆர் எப்போது என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வங்கியின் வலையமைப்பில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கிற, 10 டொலர் பெறுமதியான பழைய சுவிட்சுகள் பாவனையில் இருந்ததாக விசாரித்த பொலிஸ் அதிகாரி சொன்னார்.

நாளைத் தெரிவு செய்த விதத்தைப் பாருங்கள். வியாழன் இரவு தொடங்கினார்கள். வெள்ளியும் சனியும் பங்களாதேஷில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயோர்க்கில் விடுமுறை. திங்கள் சீனப் புத்தாண்டு, காசு போய்ச் சேர வேண்டிய பிலிப்பைன்ஸின் மணிலாவில் வங்கி பூட்டு. ஸ்விஃப்ட் கட்டளைகளைத் தானாக அச்சடிக்கிற பிரிண்டர் வெள்ளிக்கிழமை வேலை செய்யவில்லை. கந்தோர்களில் பிரிண்டர் நிற்பது ஒரு புதினமா? வழமையான கோளாறு என்றுதான் நினைத்தார்கள். அதற்குள் 81 மில்லியன் மணிலாவில் ஒரு வங்கிக் கிளைக்குப் போய்விட்டது. அங்கே போலி ஆவணங்களோடு 2015 மே மாதமே திறந்து, ஆளுக்கு 500 டொலர் போட்டு, தொடாமல் வைத்திருந்த கணக்குகள். பணத்தை நிறுத்தச் சொல்லி வந்த செய்தியையும் மீறிச் செவ்வாய்க்கிழமை காசு வெளியே எடுக்கப்பட்டு, பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் போய்க் கரைந்தது. பின்னால் இருந்தது வடகொரியா என்று அமெரிக்கா 2018 இல் வழக்குப் போட்டது.

இதில் எங்கள் நாட்டுக்கும் ஒரு காட்சி இருக்கிறது. 20 மில்லியன் டொலர் இலங்கையில் ஒரு தொண்டு அமைப்பின் பெயருக்கு வந்தது. கட்டளையில் ‘பவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிழையோடு அடித்திருந்தார்கள். இடையில் இருந்த ஜேர்மன் வங்கி இதென்ன என்று திருப்பிக் கேட்டது. கொழும்பில் காசு வந்து சேர்ந்த வங்கிக்கும் இவ்வளவு பெரிய தொகையா என்று சந்தேகம். காசு நின்றது, திரும்பிப் போனது. மற்றக் கட்டளைகளில் பெரும்பாலானவை ஏன் நின்றன தெரியுமா? மணிலாக் கிளை இருந்த தெருவின் பெயரில் ‘ஜூபிட்டர்’ இருந்தது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்த ஒரு கப்பலுக்கும் அதே பெயர். திருட்டைக் கண்டுபிடித்துக்கூட நிறுத்தவில்லை, பெயர் பொருந்தியதால் நின்றது!

இதைக் கதையாக எழுதிக் கொடுத்தால் தயாரிப்பாளர் ‘நம்பும்படியா இல்லையே தம்பி’ என்று திருப்பித் தந்திருப்பார்.

1978 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஸ்ரான்லி ரிஃப்கின் என்பவர் ஒரு வங்கியிலிருந்து 10.2 மில்லியன் டொலர் எடுத்தபோது கணினியைத் தொடவே இல்லை. பண அனுப்பல் அறையில் அன்றைய இரகசியக் குறியீட்டை எழுதி ஒட்டியிருந்தார்கள். பார்த்து மனதில் வைத்துக்கொண்டு வெளியே வந்து போன் எடுத்து, அந்தக் குறியீட்டைச் சொல்லிக் காசை அனுப்பச் சொன்னார். அவ்வளவுதான். சுவிற்சர்லாந்துக்குப் போன காசு வைரமாக மாறியது.

போன் என்றதும் ஊருக்கு வருகிறேன்.

கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா. மகன் பிரான்சில் இருந்து மதில் கட்ட அனுப்பிய காசு கணக்கில் கிடந்தது. ஒரு மத்தியானம் போன் வந்திருக்கிறது. ‘அம்மா, வங்கியில இருந்து கதைக்கிறம். உங்கட கார்ட் புளொக் ஆகியிருக்கு. பயப்பிடாதேங்கோ. இப்ப ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்கோ.’ வந்த மெசேஜ் முழுக்க ஆங்கிலம். ஆருக்கும் சொல்ல வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த அம்மாவுக்கு அதில் வாசிக்கத் தெரிந்தது ஆறு இலக்கங்கள் மட்டும்தான். எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தது. கள்ளன் நல்ல தமிழில், ‘அம்மா’ போட்டு, மரியாதையாகக் கதைத்தான். காசு போன பிறகு வங்கிக்குப் போனபோது நீங்கள்தானே இலக்கத்தைச் சொன்னீர்கள் என்றார்கள். அதுவும் உண்மைதான், என்ன செய்ய.

ஏரிஎம் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அட்டை உறைக்குள் மடித்த துண்டுத்தாள், அதில் நாலு இலக்கம். அட்டையையும் தாளையும் சேர்த்து அடுத்து நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளையிடம் நீட்டுவார்கள்: ‘இதுல அய்யாயிரம் எடுத்துத் தா ராசா.’ அந்தப் பிள்ளை சரியாக எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகும். இந்த நம்பிக்கையை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு இழந்த பிறகும் மனிதரை மனிதர் நம்பித்தான் இங்கே சீவியம் ஓடுகிறது. அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு இயந்திரத்தைக் கொண்டு வந்து வைத்தவர்கள், அதைப் பாவிக்கிற ஆட்களைப் பற்றி யோசிக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

புத்தகத்தில் இலக்கம் இருந்தும் கையில் காசு இல்லாமல் போவது வன்னிக்குப் புதிதும் இல்லை. 1994 இல் புலிகள் தொடங்கிய தமிழீழ வைப்பகம் என்ற வங்கியில் காசு போட்டவர்களும் நகை அடகு வைத்தவர்களும் 2009 மேக்குப் பிறகு பற்றுத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். சிலரிடம் துண்டும் இல்லை. போரின் கடைசிக் கட்டத்தில் எடுத்த நகைகளில் ஒரு தொகுதியை இராணுவம் பொலிஸிடம் ஒப்படைத்தது 2025 மே மாதம். அதைச் செய்தியில் பார்த்து எத்தனை பேர் பெட்டிக்கடியில் துண்டைத் தேடியிருப்பார்கள்! எங்கள் தொடருக்கான பின்கதையை வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

குறும்படம் எடுக்கிற தம்பிமார், தங்கச்சிமார் இதை வாசித்தால்: பச்சை எழுத்தை விடுங்கள். வேலையில்லாத ஒரு பொடியன். ‘உன்ர எக்கவுண்டை ரெண்டு நாளைக்குத் தா மச்சான், ஒரு காசு வரும்’ என்று கூட்டாளி கேட்கிறான். கையில் கொஞ்சம் வைக்கிறான். அந்த இரண்டு நாளை எடுங்கள். மணிலாவின் 500 டொலர்க் கணக்குகளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மற்றப் பக்கத்தில், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கிளையைப் பூட்டுகிற அவசரத்திலும் ‘இவ்வளவு காசு இந்தக் கணக்குக்கு ஏன்?’ என்று கேட்கிற ஒரு உத்தியோகத்தர். முகாமையாளர் எரிந்து விழுகிறார். யாழ்ப்பாண பஸ் வெளிக்கிடப் போகிறது. அவர் போகவில்லை, போனைக் கையில் எடுக்கிறார். எனக்கு அந்தக் காட்சி போதும், நெஞ்சு படபடக்கும்.

வங்கிக்காரருக்கும் ஒன்று. கணினிக் குற்றச் சட்டம் இந்த நாட்டில் 2007 முதல் இருக்கிறது, ஆளைப் பிடித்தால் வழக்குப் போடலாம், சரி. அது காசு போன பிறகு. அதற்கு முன்னால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: கணக்குத் திறக்கும் படிவத்தில் எந்த மொழி என்று ஒரு பெட்டி போடுங்கள், அதில் தமிழ் என்று கோடிட்டவருக்கு அந்த ஆறு இலக்க மெசேஜைத் தமிழில் அனுப்புங்கள். முதல் வரியில் ‘வங்கி ஊழியர் கேட்டாலும் சொல்லாதீர்கள்’, இலக்கம் அதற்குக் கீழே.