கைக்கு வந்து சேராத சேதி

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் புத்தம் புதிய மின்சாரக் காரை இரவல் வாங்கிக்கொண்டு புதுச்சேரி வரை போய் வந்தேன். எந்த நிறுவனத்தின் கார் என்று கேட்காதீர்கள். சொன்னால் நண்பர் என்னோடு பேசமாட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்து உப்பளங்களை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இடது ஓரத்தில் தேங்கி நின்ற தண்ணீரில் முன்சக்கரங்கள் ஏறின. ஒரு கணம் வண்டி தன் போக்கில் மிதந்தது, பிறகு தரையைப் பிடித்துக்கொண்டது. ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு கணத்தில் என் உள்ளங்கைகளுக்கு எந்தச் சேதியும் வரவில்லை. ஸ்டீயரிங் அதே பதமான கனத்தோடு, எதுவுமே நடக்காததுபோல் கையில் இருந்தது. வண்டி விலகியதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு இதே சாலையில், இதே மாதிரி மழையில், பவர் ஸ்டீயரிங் இல்லாத என் பழைய மாருதி 800 இப்படித் தண்ணீரில் ஏறியது. ஸ்டீயரிங் சட்டென்று பஞ்சுபோல் ஆகிவிட்டது. என்ன நடக்கிறது என்று மூளைக்கு எட்டும் முன்பே என் வலது கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்துவிட்டது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கார் வளையும்போது டயரைப் பக்கவாட்டில் தாங்கும் விசை, டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுவில் விழுவதில்லை. சற்றுப் பின்னால் விழுகிறது. அதனால்தான் சக்கரம் தானாக நேராகத் திரும்பப் பார்க்கிறது, ஸ்டீயரிங் நம் கையை எதிர்த்துத் தள்ளுகிறது. பிடிப்பு தளரத் தொடங்கினால் முதலில் குறைவது இந்த எதிர்ப்புதான். டயர் முழுதாக வழுக்குவதற்கு முன்பே ஸ்டீயரிங் இலேசாகிவிடும். அந்தச் சின்ன முன்னறிவிப்புதான் எனக்குப் பழைய காரில் கிடைத்தது, புதிய காரில் கிடைக்கவில்லை.

ஸ்டீயரிங்குக்கு மாற்று கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் கோட்டை விட்ட இடம் இதுதான் என்பது என் கட்சி. ஸ்டீயரிங்கை அவர்கள் வாயாக மட்டும் பார்த்தார்கள். அதற்குக் காதும் உண்டு.

ஆரம்ப காலக் கார்களில் வட்ட ஸ்டீயரிங் கிடையாது. 1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியில் சிறிய கைப்பிடிதான். வேறு பல வண்டிகளில் படகுச் சுக்கான்போல் ஒரு தண்டு. 1894இல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் ஆல்ஃபிரெட் வாஷெரோன் என்பவர் தன் பனார் வண்டியில் வட்டச் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். சில ஆண்டுகளுக்குள் தண்டு ஒழிந்தது. ஏன் ஒழிந்தது என்று அறிய அருங்காட்சியகம் போக வேண்டாம், ஓர் ஆட்டோவில் ஏறினால் போதும். ஆட்டோவின் ஹேண்டில்பார் முன்சக்கரத்தை நேராகப் பிடித்திருக்கிறது, நடுவில் அசைவைக் குறைத்துக் கொடுக்கும் பற்சக்கரம் கிடையாது. அதனால்தான் ஒரு சந்துக்குள் ஒரே மூச்சில் திரும்பிவிட முடிகிறது. ஒவ்வொரு பள்ளமும் ஓட்டுநரின் மணிக்கட்டில் வந்து இடிப்பதும் அதனால்தான். நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு அது சரி. நூறில் போகும்போது ஒரு தும்மல் போட்டால் போதும், எதிர்ச்சாரியில் இருப்போம்.

வட்டம் செய்த வேலை எளிமையானது. முன்சக்கரங்கள் ஒரு பக்கம் திரும்புவது ஏறக்குறைய முப்பத்தைந்து, நாற்பது டிகிரி. அதற்காக ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை இரண்டரை, மூன்று சுற்றுச் சுற்றுகிறது. கை நிறைய அசைந்தால் சக்கரம் கொஞ்சம் அசையும். அதிர்ச்சி கைக்கு வரும்போது மட்டுப்பட்டு வரும், ஆனால் வரும். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பிடிக்கும் இடம் ஒரே மாதிரி இருப்பது வட்டத்தில் மட்டும்தான். அரிவாளின் பிடியைப்போல, புழங்கிப் புழங்கி வந்த வடிவம் அது.

இதை மாற்றுகிறோம் என்று கிளம்பியவர்களுக்குக் குறைவே இல்லை. 1958இல் ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கிய ஃபயர்பேர்ட் 3 என்ற சோதனைக் காரில் திருப்புவது, முடுக்குவது, நிறுத்துவது எல்லாம் ஒரே குச்சியில். 1965இல் ஃபோர்டு, ஒரு மெர்குரி காரில் வட்டத்தை எடுத்துவிட்டு, சாஸரைவிடச் சிறிய இரண்டு வளையங்களை வைத்து மணிக்கட்டால் திருப்பச் சொன்னது. 1973இல் பிரிட்டனில் வந்த ஆஸ்டின் அலெக்ரோவில் ஸ்டீயரிங் சதுரமும் இல்லாமல் வட்டமும் இல்லாமல் இருந்தது. கேலிக்கு ஆளாகிச் சீக்கிரமே விடைபெற்றது. 1990களின் தொடக்கத்தில் சாப் நிறுவனம் 9000 மாடலில் ஜாய்ஸ்டிக் வைத்துப் பார்த்தது, 1996இல் மெர்சிடிஸ் எஃப்200 என்ற காரில் பக்கத்துக்கு ஒரு குச்சி வைத்துக் காட்டியது. இரண்டும் கடைக்கு வரவில்லை.

"விமானத்தில் இருக்கிறதே, காரில் ஏன் கூடாது?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். 1988 முதல் பயணிகளை ஏற்றிப் பறக்கும் ஏர்பஸ் ஏ320இல் பக்கவாட்டுக் குச்சிதான், உண்மை. ஆனால் வானத்தில் அரை அடி தள்ளிப் பால்காரரின் சைக்கிள் வருவதில்லை. அந்தக் குச்சிக்கும் காது மந்தம்தான். இரு விமானிகளின் குச்சிகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாதவை; ஒருவர் இழுப்பது மற்றவர் கைக்குத் தெரியாது. 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இல் துணை விமானி குச்சியைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர் கைக்கு அது எட்டவில்லை. 228 பேர் இறந்த அந்த விபத்துக்குக் காரணங்கள் பல; அவற்றோடு இதுவும் விவாதிக்கப்பட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வாதம் இல்லை. பந்தய ஓட்டுநர் சாம் ஷ்மிட் 2000இல் நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2014இல் இண்டியானாபோலிஸ் பந்தயத் தடத்தில் தலையை அசைத்தே ஒரு கார்வெட் காரை ஓட்டினார். அங்கே மாற்றுக் கருவி ஒரு மனிதனுக்குச் சாலையைத் திருப்பிக் கொடுத்தது. அதன் பக்கத்தில், இரண்டு கையும் நன்றாக இருக்கிறவர்களுக்காக வட்டத்தின் மேல்பாதியை வெட்டி எடுத்ததை வைத்துப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆம், டெஸ்லாவைத்தான் சொல்கிறேன். 2021இல் புதுப்பிக்கப்பட்ட மாடல் எஸ் காருக்கு விமானச் சுக்கான் மாதிரி, நுகத்தடி வடிவில் ஒரு ஸ்டீயரிங் கொடுத்தார்கள். ஃபார்முலா 1 காரில் அந்த வடிவம் பொருந்தும், அங்கே கையை மாற்றிப் பிடிக்கும் அளவுக்குச் சுற்றவே வேண்டாம். டெஸ்லாவோ கை எவ்வளவு சுற்றினால் சக்கரம் எவ்வளவு திரும்பும் என்ற விகிதத்தைச் சாதாரணக் காரைப்போலவே விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் மாற்றியது. யூ-டர்ன் எடுக்கும்போது கை பழக்கத்தில் மேல் விளிம்பைத் தேடிப் போனால் அங்கே வெறும் காற்று. இண்டிகேட்டரும் தண்டிலிருந்து ஸ்டீயரிங் மேலேயே பொத்தானாகப் போய்விட்டது. ரவுண்டானாவில் ஒடித்துத் திருப்பிய நிலையில் எந்தப் பொத்தான் எந்தப் பக்கம் என்று குனிந்து பார்க்க வேண்டும். ஹாரனும் ஒரு சிறு பொத்தானாகத்தான் இருந்தது. ஹாரனைத் தேட வேண்டிய காரை நம் ஊரில் ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்! 2023 ஜனவரியில் வட்ட ஸ்டீயரிங்கையும் வாங்கிக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்கள்.

என் பழைய மாருதியைப் பல்லக்கில் ஏற்றுவதாக நினைத்துவிடாதீர்கள். நெரிசலான தெருவில் அதைப் பார்க்கிங் செய்துவிட்டு இறங்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். பழைய பஸ்களில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, உடம்பின் எடையைப் போட்டு ஸ்டீயரிங்கை ஒடிப்பதைப் பார்த்தவர்களுக்குப் பவர் ஸ்டீயரிங் என்ன வரம் என்று தெரியும். இப்போதைய கார்களில் உதவி செய்வது மின் மோட்டார். திருப்பும்போது மட்டும் மின்சாரம் எடுக்கிறது, எரிபொருள் மிச்சம், கார் தானாகப் பார்க்கிங் செய்துகொள்ளவும் அதுதான் கை. எல்லாம் சரி. ஆனால் கைக்கு எவ்வளவு கனம் தெரிய வேண்டும் என்பதை இப்போது பெருமளவு முடிவு செய்வது ஒரு மென்பொருள். நண்பரின் காரில் 'ஸ்போர்ட்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் ஸ்டீயரிங் கனக்கிறது. கனம் மட்டும்தான், செய்தி முன்பு எவ்வளவோ அவ்வளவுதான். காது கேளாதவரிடம் உரக்கப் பேசுவது மாதிரி. 2011இல் போர்ஷே தன் 911க்கு மின் ஸ்டீயரிங் போட்டபோது கார் பத்திரிகைகள் அப்படிப் புலம்பியது எனக்கு அப்போது பணக்காரர் வீட்டு ஒப்பாரியாகத்தான் பட்டது. மரக்காணத்துக்குப் பிறகு அப்படிப் படவில்லை.

அடுத்த கட்டமும் வந்துவிட்டது. 2013இல் இன்ஃபினிட்டி க்யூ50 என்ற கார், ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் வெறும் மின்கம்பியால் இணைத்தது. அவசரத்துக்கு ஓர் இரும்புத் தண்டையும் கூடவே வைத்திருந்தது. 2023 இறுதியில் வந்த டெஸ்லாவின் சைபர்டிரக்கில் அந்தத் தண்டும் இல்லை. கோடியிலிருந்து கோடிக்கு ஒரு முழுச் சுற்றுக்கூட வேண்டாம், மெதுவாகப் போகும்போது சிறு அசைவுக்கே சக்கரம் நிறையத் திரும்பும். நுகத்தடி வடிவத்துக்கு இங்கேதான் அர்த்தம் வருகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். கம்பியில் செய்தியைத் திருப்பி அனுப்பவும் முடியும். ஸ்டீயரிங்கின் பின்னால் உள்ள மோட்டார், டயர் சொல்வதை அப்படியே கைக்குச் சொல்லலாம். சொல்லாமலும் விடலாம், இதமான பொய்யும் சொல்லலாம். ஷோரூமில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவருக்கு எது பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்?

காரை நண்பர் வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பினேன். பாலத்தை விட்டு இறங்கியதும் ஓட்டுநர் ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியுமாக இரண்டு முறை இலேசாக ஆட்டிப் பார்த்தார். முன்சக்கரத்தில் காற்றுக் குறைந்திருக்கிறது, ஒரு நிமிடம் பொறுங்கள் சார் என்றார். பெட்ரோல் பங்கில் நிறுத்திக் காற்றடித்துக்கொண்டு புறப்பட்டோம்.